குருணையைப் பொறுக்குவதா, குழாயில் மறிப்பதா?

2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கியது. அதில் 640 கண்டெய்னர்கள் இருந்தன. சில நாட்களிலேயே திருவனந்தபுரத்திலும் கன்னியாகுமரியிலும் பிளாஸ்டிக் குருணை கரை ஒதுங்கத் தொடங்கியது. அப்புறம் தனுஷ்கோடி வரைக்கும் வந்துவிட்டது. குடம், பை, குழாய் என்று எல்லா பிளாஸ்டிக் பொருளுக்கும் மூலப்பொருளாக ஆலைகளுக்குப் போகிற சின்னச் சின்ன வெள்ளை மணிகள் அவை. மூட்டையாக ஒதுங்கியதைத் தூக்கி வண்டியில் ஏற்றிவிடலாம். கிழிந்த மூட்டையிலிருந்து கொட்டி மணலோடு கலந்துபோனதைத்தான் ஆட்கள் உட்கார்ந்து பொறுக்கவும் சலிக்கவும் வேண்டியிருந்தது.

அந்தப் படங்களைப் பார்த்தவர்களுக்கு நாமும் ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியிருக்கும். எனக்கும் தோன்றியது. ஆனால் கடலோர ஊரில் இயங்கும் ஒரு குழுவிடம், அது மீனவர் சங்கமானாலும் கல்லூரி மாணவர்களானாலும் பேரூராட்சியே ஆனாலும், இருப்பது கொஞ்சம் பணம், கொஞ்சம் ஆள்பலம், சனி ஞாயிறு நேரம். அதை எங்கே போட்டால் கடலுக்குள் போகும் துகள் உண்மையிலேயே குறையும்? கரையில் சலிப்பதிலா, நடுக்கடலில் அள்ளுவதிலா, வாஷிங் மெஷின் குழாயில் மறிப்பதிலா, கழிவுநீர் நிலையத்திலா, பிளாஸ்டிக் உடைந்து துகளாவதற்கு முன்பே பிடிப்பதிலா, சட்டத்துக்காக அலைவதிலா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீன்பிடித் துறைமுகத்தில் தெர்மாகோலையும் பழைய வலையையும் பிடிப்பதுதான் முதல் இடம். கரையில் பொறுக்குவதற்கும் இடம் உண்டு. ஆனால் அதன் பெரிய பயன் எத்தனை கிலோ அள்ளினோம் என்பதில் இல்லை, அது தரும் சாட்சியத்தில் இருக்கிறது.

இந்த வரிசை ஏன் என்று புரிய, துகள் கடலுக்குள் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக்கைத்தான் மைக்ரோபிளாஸ்டிக் என்கிறார்கள். அதில் பெரிய சைஸ் இந்தக் குருணை. மீன் முட்டை என்று ஏமாந்து மீனும் பறவையும் விழுங்குகின்றன. அது மட்டுமில்லை, தண்ணீரில் கரையாத நச்சுகளை பிளாஸ்டிக் தன்மேல் இழுத்துக்கொள்ளும். தோக்கியோவில் ஹிதேஷிகே தகாதாவின் குழு 2001ல் வெளியிட்ட ஆய்வில், சுற்றியிருந்த கடல்நீரில் இருந்ததைவிடப் பத்து லட்சம் மடங்கு வரை அதிகமான பிசிபி என்ற தொழிற்சாலை நச்சு குருணையில் சேர்ந்திருந்தது.

சிறியதாகச் சிறியதாக ஆபத்து உணவுச் சங்கிலியின் அடிக்குப் போகிறது. கோபிபாட் என்று ஒரு மிதவை உயிரி, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவில் இருக்கும். மத்தியும் நெத்திலியும் பெரிதும் நம்பியிருப்பது இதுபோன்ற உயிரிகளைத்தான். இங்கிலாந்தில் பிளிமத் ஆய்வகத்தில் 2015ல் இந்தக் கோபிபாட்களுக்குப் பாசியோடு நுண்ணிய பிளாஸ்டிக் மணிகளையும் கலந்து கொடுத்தார்கள். அவை தின்ற பாசியின் கரிம எடை 40 சதவீதம் குறைந்தது, இட்ட முட்டைகள் சிறுத்தன, பொரிப்பதும் குறைந்தது. மறு வருடம் பிரான்சில் ஆளிகளை (ஆய்ஸ்டர் சிப்பிகளை) வைத்துச் செய்த ஆய்வில் முட்டை எண்ணிக்கை 38 சதவீதம் குறைந்தது. வயிற்றில் பிளாஸ்டிக் நிறைந்தால் உணவு குறைகிறது, உணவு குறைந்தால் அடுத்த தலைமுறை குறைகிறது. ஆய்வகத்தில் கொடுக்கும் அளவு பெரும்பாலும் இன்றைய கடலில் இருப்பதைவிட அதிகம் என்ற ஆட்சேபம் நியாயமானதுதான். ஆனால் கடலில் இருக்கும் அளவு கூடிக்கொண்டேதான் போகிறது, போனதைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை. அதனால்தான் ஒவ்வொரு வழியையும் பார்க்கும்போது நான் கேட்கிற முதல் கேள்வி: கைக்கு அகப்படுகிற நிலையிலேயே இது பிளாஸ்டிக்கைப் பிடிக்கிறதா?

நடுக்கடலில் அள்ளும் யோசனை இந்தக் கேள்வியிலேயே அடிபட்டுப் போகிறது. கலிபோர்னியாவுக்கும் ஹவாய்க்கும் நடுவே மிதக்கும் குப்பைத் திட்டைப் பற்றி 2018ல் வந்த கணக்கில் 16 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பு, 79 ஆயிரம் டன் எடை, 1.8 லட்சம் கோடி துண்டுகள். எடையில் மைக்ரோபிளாஸ்டிக் 8 சதவீதம்தான், எண்ணிக்கையிலோ 94 சதவீதம். அங்கே இழுக்கப்படும் வலைகள் பெரிய துண்டுகளுக்கானவை. அரை சென்டிமீட்டருக்குக் குறைந்தது பெரும்பாலும் வலைக்கண்ணில் நழுவிவிடும். கடலின் மேற்பரப்பிலேயே வாழும் ஊதா நத்தை போன்ற உயிர்களும் அதே நீரோட்டத்தில் அதே இடத்தில்தான் சேர்கின்றன என்பதையும் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். நம் ஊர்க் குழுவுக்கு இது எட்டாத வேலை. எட்டினாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கரைக்கு வருவோம். கப்பல் விபத்துக்குப் பிறகு குருணை ஒதுங்கினால் உடனே இறங்கியே ஆக வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை. 2021ல் கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து மூழ்கியபோது ஏறக்குறைய 1,680 டன் குருணை அதில் இருந்தது. கடலில் இத்தனை பெரிய பிளாஸ்டிக் கொட்டல் அதற்கு முன் பதிவானதில்லை. நீர்கொழும்புக்குத் தெற்கே சரக்குவ கடற்கரையில் முதலில் அது மேலே கிடந்தது. பிறகு ஒவ்வோர் அலையும் அதன்மேல் மணலைப் போட்டு மூடியது, அடுக்கடுக்காக உள்ளே போய்விட்டது. தீயில் பாதி எரிந்த துண்டுகள் வேறு. அவை எளிதில் நொறுங்கும், எரியும்போது உண்டான நச்சுகளும் அவற்றில் ஏறியிருக்கும். மேலே கிடக்கும்போது ஒருவர் ஒரு மணி நேரத்தில் அள்ளுவதை, புதைந்தபின் பத்துப் பேர் சேர்ந்தாலும் அள்ள முடியாது.

முறையும் முக்கியம். குருணை பெரும்பாலும் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன், தண்ணீரில் மிதக்கும். மணலோடு வாளியில் அள்ளிக் கடல்நீர் ஊற்றிக் கலக்கினால் மணல் அடியில் நிற்கும், குருணை மேலே வரும். அதைச் சல்லடையில் வடித்துக்கொள்ளலாம். கைச்சல்லடையும் வாளியும் போதும். ஜேசிபியை இறக்கிக் கரையைச் சுரண்டுவது மட்டும் வேண்டாம். ஆமை முட்டையிடும் மணலும் நண்டு வளைகளும் அதோடு போய்விடும். அலை கடைசியாகத் தொட்டுவிட்டுப் போன கோட்டில்தான் குருணை அதிகம் சேரும், அங்கே தொடங்கினால் உழைப்பு வீணாகாது.

ஆனால் விபத்து நடக்காத சாதாரண மாதங்களில், குருணைக்காகவும் துகளுக்காகவும் வாராவாரம் சலிப்பதை முக்கிய வேலையாக வைத்துக்கொள்ளலாமா? கூடாது என்பது என் கருத்து. அடுத்த கடல் ஏற்றத்தில் வருவதை நம்மால் நிறுத்த முடியாது. சலித்துச் சலித்து ஆட்கள் சோர்ந்துபோவார்கள்.

வாஷிங் மெஷின் பக்கம் நிறையச் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் இதில் எண்கள் பெரியவை. துகளாகவே கடலுக்குப் போகிற பிளாஸ்டிக் எங்கிருந்து வருகிறது என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2017ல் ஒரு கணக்கு வெளியிட்டது. செயற்கை இழைத் துணிகளைத் துவைப்பதில் 35 சதவீதம், டயர் தேய்மானத்தில் 28 சதவீதம். குருணைக்கு வெறும் 0.3 சதவீதம். இந்தக் கணக்கில் பையும் பெட்டியும் வலையும் உடைந்து உண்டாகும் துகள் சேராது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாலியெஸ்டர், நைலான், அக்ரிலிக் என்று எதைத் துவைத்தாலும் இழை உதிர்கிறது. பிளிமத் பல்கலைக்கழகத்தின் 2016 ஆய்வில் 6 கிலோ அக்ரிலிக் துணியை ஒரு தடவை துவைத்தால் ஏழு லட்சம் இழைகளுக்கு மேல் உதிரலாம் என்று தெரிந்தது.

வடிகட்டி போட்டால் பலன் உண்டா? உண்டு. அதே பல்கலைக்கழகம் 2020ல் ஆறு விதக் கருவிகளை ஒப்பிட்டது. மெஷினின் வெளியேற்றுக் குழாயில் மாட்டும் வடிகட்டிகளில் சிறந்தது 78 சதவீத இழையைப் பிடித்தது. துணியைப் போட்டுத் துவைக்கும் நெருக்கமான வலைப்பை 54 சதவீதம். கனடாவின் ஒன்டாரியோவில் பாரி சவுண்ட் என்ற சிற்றூரில் 97 வீடுகளுக்கு வடிகட்டி மாட்டிப் பார்த்தபோது, ஊரின் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் நீரிலேயே இழைகள் கண்கூடாகக் குறைந்தன. பத்தில் ஒரு வீடு மாறினால்கூட ஊர்க் கணக்கில் தெரிகிறது என்பது நம்பிக்கை தரும் செய்தி.

சிக்கல் இங்கேதான். அந்த மாதிரி வடிகட்டி நம் ஊர்க் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பதில்லை. வரவழைத்தால் விலை அதிகம். ஒரு மீனவக் கிராமத்தில் வீட்டுக்கு வீடு அதை மாட்டச் சொல்வது நடக்காத காரியம். அதற்குப் பதில் காசில்லாமல் செய்யக்கூடியவை சில உண்டு, அவற்றை ஊர்க் கூட்டத்தில் சொன்னால் போதும். மெஷினை நிறைத்துப் போட்டுத் துவைப்பது. சூடு இல்லாத தண்ணீர், குறைந்த நேரம். இங்கிலாந்தின் நார்தம்ப்ரியா பல்கலைக்கழகத்தின் ஆய்வில் 40 டிகிரியில் 85 நிமிடம் துவைப்பதைவிட 15 டிகிரியில் 30 நிமிடம் துவைத்தபோது இழை 30 சதவீதம் குறைந்தது. மென்மையாகத் துவைக்கும் டெலிகேட் சுற்றில் இழை குறையும் என்றுதான் நினைப்போம். நியூகாசில் பல்கலைக்கழகம் சோதித்தபோது தண்ணீர் அதிகம் ஓடும் அந்தச் சுற்றில்தான் கூடுதலாக உதிர்ந்தது. அப்புறம், மேலே திறக்கும் மெஷின்களில் பஞ்சு சேரும் சின்ன வலைப்பை இருக்குமே, அதைக் குழாயடியில் அலசாதீர்கள். அலசினால் பிடித்ததெல்லாம் திரும்பச் சாக்கடைக்கே போகும். காயவைத்து உதறிக் குப்பையில் போடுங்கள். கையால் துவைக்கும் வீடுகளைப் பற்றிக் கவலை குறைவு. சீனாவில் 2023ல் வந்த ஓர் ஆய்வில் முழு பாலியெஸ்டர் துணி மெஷினில் 23 ஆயிரத்துக்கு மேல் இழைகளை உதிர்த்தது, கையால் துவைத்தபோது இரண்டாயிரத்துக்கும் கீழ்.

மொத்தத்தில் மெஷின் வடிகட்டி என்பது உற்பத்தி செய்யும் கம்பெனியிலேயே மாட்டப்பட வேண்டிய பொருள். பிரான்ஸ் 2020லேயே புது மெஷின்களில் அதைக் கட்டாயமாக்கச் சட்டம் இயற்றியது. ஊர்க் குழு இதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம், பேச்சைச் செலவழித்தால் போதும்.

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் நன்றாக வேலை செய்தால் பெரும்பகுதியைப் பிடித்துவிடும். கிளாஸ்கோ அருகே ஆறரை லட்சம் பேருக்கான நிலையத்தை 2016ல் ஆராய்ந்தபோது உள்ளே வந்த துகளில் 98 சதவீதத்துக்கும் மேல் நீக்கப்பட்டது. அப்படியும் நாளொன்றுக்கு 6.5 கோடி துகள்கள் ஆற்றுக்குப் போயின. பிடிபட்டதும் மறைவதில்லை, அடியில் தங்கும் கசடில் சேர்கிறது. அந்தக் கசடை உரமாக வயலில் கொட்டினால் மழையில் மறுபடி கிளம்பும். சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிவுநீரை எதிர் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) வரை கொண்டுபோய்ச் சுத்தம் செய்து தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறார்கள், நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர். அந்த நீரில் துகள் பயம் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் கடலோரச் சிற்றூர்கள் பலவற்றில் பாதாளச் சாக்கடையே கிடையாது. வீட்டுத் தண்ணீர் தெருக் கால்வாய் வழியாக நேரே முகத்துவாரத்துக்குப் போகிறது. அதற்காகக் கோரிக்கை வைக்கத்தான் வேண்டும், துகளைவிடப் பெரிய காரணங்களும் அதற்கு இருக்கின்றன. இந்த வருடப் பணத்தை மட்டும் அதை நம்பி வைக்க முடியாது.

டயரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், நம் குழுவால் ஆகக்கூடியது குறைவு என்பதால். விஷயம் சாதாரணமானதல்ல. அமெரிக்காவில் சியாட்டில் பகுதி ஓடைகளில் மழை பெய்தவுடன் கோஹோ சால்மன் மீன்கள் கூட்டமாகச் செத்ததற்குக் காரணம், டயரில் சேர்க்கும் ஒரு வேதிப்பொருள் ஓசோனோடு சேர்ந்து உண்டாகும் நச்சு என்று 2020 டிசம்பரில் கண்டுபிடித்தார்கள். சாலைக் கால்வாய் கடலில் விழும் இடத்துக்கு முன் வண்டல் தங்கும் குழி ஒன்று இருந்து, அதைப் பருவமழைக்கு முன் பேரூராட்சி தூர்வாரினால் கொஞ்சம் மறிக்கலாம்.

இனி நான் முதலிடம் கொடுத்த வேலை. எந்த மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனாலும் உடைந்த தெர்மாகோல் மீன்பெட்டி கிடக்கும், அறுந்த நைலான் வலை குவிந்திருக்கும், கயிற்றுத் துண்டுகள் தண்ணீரில் மிதக்கும். ராமநாதபுரம் பக்கம் தெர்மாகோல் மிதவையில் உட்கார்ந்து கணவாய் பிடிக்கப் போகிறவர்களும் உண்டு. தெர்மாகோல் என்பது மணிமணியாக ஊதி ஒட்டிய பொருள். வெயிலும் அலையும் பட்டால் அது மக்காது, உதிர்ந்து மணியாகும், மணி உடைந்து தூளாகும். ஒரு பெட்டியை ஓர் ஆள் ஒரே கையில் தூக்கிவிடலாம். அதே பெட்டி உதிர்ந்துபோனால் ஊரே திரண்டாலும் அள்ள முடியாது. வேறெந்த வழியிலும் செலவுக்கும் பலனுக்கும் இவ்வளவு பெரிய வித்தியாசம் கிடைக்காது.

தென்கொரியாவின் அனுபவம் இதற்கு நல்ல சான்று. அங்கே ஆளிப் பண்ணைகளில் தெர்மாகோல் மிதவைகளை வரிசையாகக் கட்டுவார்கள். கோஜே தீவுக் கரைகளில் ஆய்வாளர்கள் பொறுக்கிய துகள்களில் மிகப் பெரும்பாலானவை தெர்மாகோல்தான். கடைசியில் அரசு, மாற்று மிதவை வாங்க உதவிப் பணம் கொடுத்து, 2023 நவம்பரிலிருந்து எல்லாப் பண்ணைகளிலும் புதிதாகத் தெர்மாகோல் மிதவை போடுவதைத் தடை செய்தது. முதலில் மாற்றுப் பொருளுக்கு உதவி, பிறகு தடை என்ற அந்த வரிசை சரியான வரிசை. பெட்டிக்கு வழி காட்டாமல் மீனவரிடமிருந்து பெட்டியைப் பறித்தால் சுமை முழுதும் அவர் தலையில் விழும்.

வலைக்கும் இதுவே பொருந்தும். அறுந்து கடலில் போன வலை மீனையும் ஆமையையும் பிடித்துக் கொன்றுகொண்டே இருக்கும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி இருக்கும் பவளப் பாறையில் சிக்கினால் பவளத்தை உரசி உடைக்கும். ஆசிய பசிபிக் பகுதியில் 159 பவளத் திட்டுகளைப் பார்த்து 2018ல் வெளியிட்ட ஆய்வில், பிளாஸ்டிக் தொட்டுக்கொண்டிருக்கும் பவளத்துக்கு நோய் வரும் வாய்ப்பு 4 சதவீதத்திலிருந்து 89 சதவீதமாக எகிறியது. அந்த வலை அங்கேயே கிடந்து இழை இழையாகப் பிரிந்தும் போகிறது. காசிமேட்டில் பழைய வலையை மீனவர்களிடம் விலை கொடுத்து வாங்கும் மையத்தைத் தமிழக அரசு தொடங்கியிருக்கிறது. விலை கொடுப்பதுதான் அதில் முக்கியம். கிழிந்த வலையைக் கரை வரை சுமந்து வருவதற்கு ஒரு காரணம் வேண்டுமல்லவா? சிறிய இறங்குதளங்களில் அரசு மையம் வரும்வரை குழுவே பழைய பொருள் வியாபாரியிடம் பேசி, கிலோவுக்கு ஒரு விலை நிர்ணயித்து, வாரம் ஒரு நாள் எடைபோட்டு வாங்கலாம். தெர்மாகோலை எடைக்கு யாரும் வாங்க மாட்டார்கள், எடையே இருக்காது. அதற்குப் பெட்டிக் கணக்கில் சிறு தொகை, சேர்த்து வைக்கக் காற்றில் பறக்காத ஒரு கொட்டகை, இரண்டும் வேண்டும். குழுவின் பணத்தில் பெரும்பங்கை நான் இங்கேதான் போடுவேன்.

மிச்சமிருப்பது சட்டம். கேட்டால் ஆச்சரியமாக இருக்கும், கப்பலில் போகும் குருணை சர்வதேச விதிகளின்படி ஆபத்தான சரக்கு இல்லை. அதனால் அதை மேல்தளத்தில் வைக்கக் கூடாது என்றோ, தனி முறையில் கட்ட வேண்டும் என்றோ கட்டாயப்படுத்த முடியாது. எக்ஸ்பிரஸ் பேர்லுக்குப் பிறகு இலங்கை இதற்காக வாதாடியது. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2024ல் கொடுத்தது பரிந்துரைகள் மட்டுமே. ஐரோப்பிய ஒன்றியம் 2025ல் குருணை சிந்துவதைத் தடுக்கத் தனிச் சட்டமே கொண்டுவந்தது. அவர்கள் கணக்கில் 2019ல் மட்டும் ஐரோப்பாவில் சுற்றுச்சூழலுக்குப் போன குருணை குறைந்தது 52 ஆயிரம் டன். அதே 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் உலக பிளாஸ்டிக் ஒப்பந்தப் பேச்சு உடன்பாடு இல்லாமல் முடிந்தது.

இழப்பீட்டின் கதை இன்னும் கசப்பானது. லண்டன் நீதிமன்றம் எக்ஸ்பிரஸ் பேர்ல் தரப்பின் பொறுப்பை 1.9 கோடி பவுண்டுக்குள் வரம்பிட்டது. இலங்கை உச்ச நீதிமன்றமோ 2025 ஜூலையில் 100 கோடி டாலர் கட்ட உத்தரவிட்டது. எல்சா 3 விபத்துக்காகக் கேரள அரசு 9,531 கோடி ரூபாய் கேட்டு வழக்குப் போட்டிருக்கிறது. இந்த இரண்டு மூன்று எண்களுக்கு நடுவே இருக்கும் தூரத்தை நிரப்புவது ஆதாரம். எந்தக் கரையில், எந்தத் தேதியில், எவ்வளவு ஒதுங்கியது, எத்தனை நாள் படகு போகவில்லை என்ற பதிவு. அதை எழுதி வைக்க ஊர்க் குழுவைவிடத் தகுந்தவர் யாரும் இல்லை. கரையில் பொறுக்குவதைச் சாட்சியத்துக்காக என்று முன்பு சொன்னது இதனால்தான்.

ஆக, உங்கள் ஊருக்கு ஏற்ப முடிவு மாறும். துறைமுகமோ இறங்குதளமோ இருந்தால் பணத்தில் முக்கால் பங்கு வலைக்கும் தெர்மாகோலுக்கும். துறைமுகம் இல்லாத, கரையோரம் வீடுகள் நெருங்கிய ஊர் என்றால் துணி துவைக்கும் பழக்கமும் கால்வாய்க் குழியும் முதலில் வரும். பிளாஸ்டிக் ஆலையோ குருணை ஏற்றி இறக்கும் கிடங்கோ பக்கத்தில் இருந்தால், சிந்தியதை அன்றன்றைக்குக் கூட்டி அள்ளவும் முற்றத்துக் கால்வாயில் நெருங்கிய கம்பிவலை போடவும் முதலாளியிடம் பேசுங்கள். இந்தப் பட்டியலிலேயே மலிவான வேலை அது.

எந்த ஊரானாலும் ஒரு பங்கை எடுத்து வையுங்கள்: இருபது கைச்சல்லடை, வாளிகள், கிழியாத சாக்குகள், ஒரு தராசு, ஒரு பதிவேடு. அடுத்த கப்பல் கவிழும் செய்தி வந்த அன்றே இறங்க இது இருந்தால் போதும். பொறுக்கும்போது ஒவ்வொரு சாக்கிலும் தேதி, இடம், எடை எழுதிக் கட்டுங்கள். சாக்கோடு சேர்த்துப் படம் எடுங்கள். ஒரு கைப்பிடியைக் கண்ணாடிப் புட்டியில் தனியாக வையுங்கள். மிச்சத்தைக் கரையில் எரிக்கவோ குழிதோண்டிப் புதைக்கவோ வேண்டாம், மாசு கட்டுப்பாட்டு வாரியத்திடம் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.